இழுப்பறை எண் பதினேழு

தார்த்து நகரில் ஜனவரி. மூன்றரைக்கே இருட்டு.
காப்பி போடும் அதே அடுப்பில்தான்
வயிறுகளையும் வேகவைக்கிறேன்;
அருங்காட்சியக நிர்வாகத்துக்கு இது தெரியாது.
பீங்கான் குழிகளில் காரக் கரைசல்.
குழிக்கு ஒரு வயிறு, வயிற்றுக்கு ஓர் எண்.
எண் பிசகினால் போச்சு,
ஒருவன் இறக்கைக்கு
இன்னொருவன் இடுப்பு.

நாற்பத்தொரு காட்டுவெள்ளையன்கள்.
நாற்பத்தொரு ஊசிகளின் அடியிலும் ஒரே பெயர்.
சேகரித்தவர் வோல்டெமர் கேஸ்பெர்,
சாரெமா தீவில் மருந்துக்கடை வைத்திருந்தவர்.
மருந்துச்சீட்டில் பழகிய கை:
தேதி, இடம், எப்போதாவது
'ஈரப் புல்வெளி, காற்றில்லை.'
அதற்கு மேல் ஒரு சொல் சிந்தமாட்டார்.

இறக்கையில் ஒன்றும் தெரியாது.
அதே பால்வெள்ளை, நுனியில் அதே கறை,
பென்சில்தூள் ஒட்டிய விரலால்
யாரோ தொட்டுப் பார்த்ததுபோல.
வேறுபாடு வாலுக்குள் இருக்கிறது.
வெந்த தோலை நீரில் கிடத்தித்
தூரிகையால் நீவ நீவச்
செதில் உதிர்ந்து, கொழுப்பு கலைந்து
தேன்நிறத்தில் மிஞ்சுகிறது
ஒரு கொக்கி, இரண்டு மடல்,
நடுவே ஒரு குழல்.
குட்டையா நெட்டையா,
அவ்வளவுதான் கேள்வி.

என் தங்கை கணவன் ஹில்லார்
ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும்
என்னை அறிமுகப்படுத்துவான்:
'ஆண்களை நீளம் பார்த்துத் தரம் பிரிப்பவள்.'
எல்லாரும் சிரித்து முடித்தபின் சொல்வேன்,
பெண்களையும்தான் பிரிக்கிறேன், ஹில்லார்,
அதற்கு இன்னும் கூர்மையான கத்தி வேண்டும்.

எங்கள் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
அதில் பேசிக்கொண்டுதான்
நாளெல்லாம் இந்த வேலை.

பூட்டுக்கு ஒரே சாவி என்று
முன்பு உறுதியாக எழுதினார்கள்.
நான் திறந்து பார்த்தவரை
பெரும்பாலான பூட்டுகள் கொஞ்சம் தளர்வு.

கடைசிச் சீட்டு ஜூலை 1948.
அடுத்து நான்கு ஊசிகள்
பூச்சியில்லாமல் குத்தி நிற்கின்றன,
வரும் கோடைக்கென்று.
மார்ச்சில் அவர் பெயர் வேறொரு பட்டியலில் ஏறியது.
அதைத் தயாரித்தவர்கள்
எதையும் வேகவைக்கவில்லை, அளக்கவில்லை.
கடை இருந்தது, போதும்.
கிழக்கே போன ரயிலுக்குப் பின்
அவர் கையெழுத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

இருபத்தாறு குட்டை. பதினான்கு நெட்டை.
தனக்குத் தெரியாமலே அவர்
இரண்டு இனங்களைச் சேர்த்து வைத்திருந்தார்.
தெரிந்திருந்தால்
இன்னொரு பெட்டி வாங்கியிருப்பார், பாவம்.

மிச்சம் ஒன்று, எண் இருபத்தொன்பது.
இறக்கை முழுசு. உணர்கொம்பு முழுசு.
வயிறு இருந்த இடத்தில் தூள்;
என்றோ ஒரு வண்டுப்புழு
விடையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
'இதுவோ அதுவோ' என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை; கட்டம் காலியாக இருக்கக்கூடாதாம்.
ஒரு காலைப் பிடுங்கி மரபணு பார்க்கலாமே
என்கிறாள் பக்கத்து மேசை ரீத்.
பார்க்கலாம். ஆறு காலும் இருக்கின்றன.
இடுக்கியை எடுத்தேன், கழுவினேன், வைத்துவிட்டேன்.

மே கடைசியில் சாரெமா போனேன்.
சீட்டில் இருந்த புல்வெளி,
பாதி இப்போது வாகன நிறுத்தம்.
மீதியில், காட்டுப்பட்டாணிக் கொடிமேல்
அவள் உட்கார்ந்திருந்தாள்.
எதிரே அவன், மூக்குக்கு மூக்கு,
உறிஞ்சுகுழலை நீட்டி
இடமும் வலமும் தலையை ஆட்டுகிறான்.
தன் இனமா என்று அவனுக்குத் தெரியாது.
எந்த வெள்ளையிடமும் இதைத்தான் செய்வான்.
அவளுக்குத் தெரியும்.
எப்படி என்று பார்க்க
முழங்காலில் ஈரம் ஏறும்வரை குனிந்திருந்தேன்.
அடுப்பில்லை, லென்ஸ் இல்லை,
அவள் சும்மா இருந்தாள்,
பிறகு பறந்துபோனாள்.

அவன் சற்றும் தளரவில்லை.
என் பையிலிருந்து நழுவிய
துண்டுக் காகிதத்தின் முன் போய் அமர்ந்து
மறுபடி தலையை ஆட்டத் தொடங்கினான்.